தெரியும் என்றால் போதாது

ஆங்கிலத்தில் ‘நோ’ சின்னச் சொல். அதற்குத் தெரியும், அறிவேன் என்று பொருள் சொல்ல ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எது வரவேண்டும், முன்னால் எது வரலாம் என்று கேட்டால் பட்டம் வாங்கியவர்களும் திணறுகிறார்கள். தேவதானத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், வேலை முடிந்து மாலையில் வரும் பெரியவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். நோட்டுத் திருத்தும்போது சிவப்பு மை அதிகம் செலவாகும் இடம் இதுதான். ஒருமை பன்மைப் பிழைகள் வகுப்பு ஏற ஏறக் குறைந்துவிடும். ‘நோ’, ‘திங்க்’, ‘ரிமெம்பர்’, ‘வொண்டர்’, ‘டவுட்’, ‘ஃபைண்ட் அவுட்’ என்னும் அறிதல் வினைகளில் வரும் பிழைகள் மட்டும் வேலை கிடைத்த பிறகும் மின்னஞ்சலில் தொடர்ந்து வருகின்றன.

வினைச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யவைப்பதுதான் இதற்குக் காரணம். அறிதல் வினை பெரும்பாலும் தனியாக நிற்காது. ‘தட்’, ‘வெதர்’, ‘இஃப்’, ‘ஹவ்’, ‘வை’, ‘வென்’ என ஓர் இணைப்புச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வாக்கியத்துக்குள் வரும். எந்தச் சொல்லைப் பிடிக்கிறது என்பதை வைத்தே பேசுகிறவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது, எதற்கு அவர் பொறுப்பேற்கிறார் என்பது புரியும். ‘ரியலி’, ‘ஹார்ட்லி’, ‘ஆல்ரெடி’, ‘ஐதர்’ போன்ற உரிச்சொற்கள் அந்த அளவைக் கூட்டும், குறைக்கும். இந்த வேறுபாடுகளில் ஒன்றுகூடத் தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதில்லை என்பதுதான் இத்தனை காலம் கற்பித்ததில் நான் கண்டது. நாம் அவற்றைத் தனிச் சொற்களால் காட்டுவதில்லை, விகுதிகளாலும் இடைச்சொற்களாலும் காட்டுகிறோம். அதனால் பாடத்தை அங்கிருந்து தொடங்குவதே சரி.

எங்கள் ஊர் ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், சேத்தூரைத் தாண்டி இருக்கிறது. மேற்கே மலை. மலையடியில் தென்னையும் மாவும். அதற்கும் மேலே சாஸ்தா கோவில் அணை. யானைகள் தோப்புக்குள் இறங்கும் காலத்தில் டீக்கடையில் காலையில் முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பேச்சையே கரும்பலகையில் எழுதுவேன்.

யானை வந்தது தெரியும்.
யானை வந்துச்சான்னு தெரியாது.
யானை எப்ப வந்துச்சுன்னு தெரியாது.
யானை வந்துச்சாம்.
யானை வந்திருக்குமோன்னு சந்தேகமா இருக்கு.

இந்த ஐந்தையும் யார் யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்பேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். முதலாவது, சாய்ந்து கிடக்கும் தென்னையைப் பார்த்தவர் சொன்னது. இரண்டாவது, இன்னும் தோப்புக்குப் போகாதவர். மூன்றாமவருக்கு வந்தது உறுதியாகத் தெரியும், நேரம்தான் தெரியாது. நான்காமவர் யாரோ சொல்லக் கேட்டவர். ஐந்தாவது வாக்கியத்துக்கு ஒரு பெண் சொன்ன பதில் நினைவிருக்கிறது. “அது ராத்திரி காவலுக்குப் படுத்தவர் சொன்னது டீச்சர். மட்டை முறியிற சத்தம் கேட்டிருக்கும்.” இலக்கணப் புத்தகம் பல பக்கங்களில் சொல்வதை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். இதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியதெல்லாம், அந்த ஐந்து முடிவுகளுக்கும் ஆங்கிலத்தில் எந்தச் சொல் நிற்கும் என்று காட்டுவதுதான்.

இரண்டாவது வாக்கியத்தை முதலில் எடுப்பேன். ‘ஐ டோன்ட் நோ தி எலிஃபன்ட் கேம் ஆர் நாட்’ என்றுதான் பெரும்பாலான நோட்டுகளில் இருக்கும். ‘ஆர் நாட்’ என்று முடித்துவிட்டதால் சந்தேகத்தைச் சொல்லியாகிவிட்டது என்று பிள்ளை நினைக்கிறது. தமிழில் சந்தேகத்தைச் சுமப்பது ‘வந்துச்சா’ என்பதன் கடைசி ஆகாரம். வாக்கியத்தின் உள்ளே, வினையின் மேலேயே அது உட்கார்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த ஆகாரத்தின் வேலையை ‘வெதர்’ செய்கிறது. அது வினைக்குப் பின்னால் நிற்காது, துணை வாக்கியத்தின் வாசலிலேயே நிற்கும். ‘ஐ டோன்ட் நோ வெதர் தி எலிஃபன்ட் கேம்.’ ‘ஆகாரம் எங்கே போச்சு?’ என்று கேட்டால் போதும், பிள்ளைகள் தாங்களே ‘வெதர்’ சேர்த்துக்கொள்வார்கள். ‘ஆர் நாட்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குப் பிறகு கவலையில்லை.

மூன்றாவது வாக்கியத்தில் வேறொரு சிக்கல். ‘வேர் இஸ் ஹி?’ என்ற கேள்வியை முழுதாகக் கற்ற பிள்ளை, ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி’ என்று எழுதுகிறது. தமிழில் இதற்கு இடமே இல்லை. ‘அவர் எங்கே இருக்கார்?’ என்று நேராகக் கேட்டாலும், ‘அவர் எங்கே இருக்கார்னு தெரியாது’ என்று உள்ளே வைத்தாலும் சொற்கள் இருந்த வரிசையிலேயே இருக்கும். கடைசியில் ‘என்று’ ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். தொல்காப்பியம் எச்சங்களைப் பத்தாக வகுக்கும்போது ‘என’ என்பதற்கும் ஓர் இடம் தருகிறது. ஒருவர் சொன்னதையும் நினைத்ததையும் அறிந்ததையும் கலைக்காமல் அப்படியே ஏந்திக்கொண்டு அடுத்த வினையிடம் ஒப்படைக்கும் சொல் அது. அந்தப் பழக்கத்தில்தான் பிள்ளை ஆங்கிலக் கேள்வியையும் கலைக்காமல் உள்ளே வைக்கிறது. பிள்ளையின் தர்க்கம் சரி. ஆங்கிலத்துக்குத்தான் ‘என்று’ போல வாக்கியத்தை முழுதாக ஏந்தும் சொல் இந்த இடத்தில் கிடையாது. அதனால் கேள்வி, தான் கேள்வி என்ற வேஷத்தைக் கலைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ‘வேர் ஹி இஸ்.’ வகுப்பில் இதை ‘வேஷம் கலைக்கிறது’ என்றே சொல்வோம். பத்தாம் வகுப்பில் நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சியும் இதே வேலைதான். இதை முன்பே பழகியவர்களுக்கு அந்தப் பாடத்தில் புதிதாக மனப்பாடம் செய்ய ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இந்த அமைப்பு மரியாதைக்கும் உதவும். ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் வெளியூர்க்காரரிடம், ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் எங்கே நிக்கும்?’ என்று கேட்பதைவிட, ‘எங்கே நிக்கும்னு தெரியுமா?’ என்று கேட்பது மென்மையானது. எதிராளிக்குத் தெரியாமல் போனால் அவர் சங்கடமில்லாமல் ‘தெரியாது’ என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ‘டு யூ நோ வேர் தி பஸ் ஸ்டாப்ஸ்?’ என்பதும் அதே பணிவுக்காகத்தான். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் பெரியவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அடுத்தது, ‘ஐ நோ டு ஸ்விம்.’ தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தை எழுதாதவர்கள் குறைவு. ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்பதன் எலும்புக்கூடு அப்படியே அதில் தெரிகிறது. ‘நீந்த’ என்ற செயவென் எச்சத்தின் மேல் ‘தெரியும்’ ஏறினால் அது திறமையைச் சொல்லும். ஆங்கிலத்தில் ‘நோ’வுக்கும் ‘டு ஸ்விம்’முக்கும் நடுவே ‘ஹவ்’ வந்தே ஆகவேண்டும். ஏன் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் தென்னை மரத்தைக் காட்டுவேன். எங்கள் பக்கத்தில் மரமேறும் பெரியவர் ஒருவர் வயதானதால் ஏறுவதை விட்டுவிட்டார். ஆனாலும் மரத்தடியில் நின்று, காலை எங்கே வைக்கவேண்டும், குலையை எப்படி வெட்டி இறக்கவேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொல்லித் தருகிறார். எனக்கும் கேட்டுக் கேட்டு அது தெரியும். அதற்காக ‘எனக்கு மரம் ஏறத் தெரியும்’ என்று நான் சொன்னால் ஊரே சிரிக்கும். ‘எப்படி ஏறணும்னு எனக்குத் தெரியும்’ என்றுதான் சொல்லலாம். ‘ஏறத் தெரியும்’ உடம்பில் ஊறிய அறிவு. ‘எப்படி ஏறணும்னு தெரியும்’ தகவலாகக் கிடைத்த அறிவு. ஆங்கிலம் இரண்டையும் ‘நோ ஹவ் டு கிளைம்ப்’ என்ற ஒரே அமைப்பில் அடக்கிவிடுகிறது.

கில்பர்ட் ரைல் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1945இல் ஓர் உரையிலும், பிறகு 1949இல் வெளியான தம் நூலிலும், ‘ஹவ்’ என்று அறிவதும் ‘தட்’ என்று அறிவதும் வெவ்வேறு என்று வாதிட்டார். செய்யத் தெரிந்தவருக்கு அதைப் பற்றிய விதிகள் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பது அவர் கட்சி. 2001இல் ஜேசன் ஸ்டான்லியும் திமதி வில்லியம்சனும், ‘நோ ஹவ் டு’ என்பது ‘நோ வென் டு’, ‘நோ வேர் டு’ போன்றதே, ஆகவே அதுவும் ஒரு தகவலை அறிவதுதான் என்று எதிர்வாதம் வைத்தார்கள். அந்த வாதத்துக்கு ஒரு முக்கியமான தூண் ஆங்கில வாக்கிய அமைப்பு. அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இது: ‘ஏறத் தெரியும்’ என்று நாளெல்லாம் பேசும் மொழியிலிருந்து தொடங்கியிருந்தால் அந்த விவாதம் வேறு வழியில் போயிருக்கும்.

இந்த ‘டு’ அமைப்பில் இன்னொரு நுட்பம் உண்டு. ‘நோ வாட் டு டூ’, ‘நோ வென் டு ஸ்டாப்’, ‘நோ வெதர் டு கோ’ எல்லாம் வரும். ‘நோ இஃப் டு கோ’ வராது. ‘நோ வை டு கோ’ என்பதும் வழக்கில் அரிது. ‘வெதர்’, ‘இஃப்’ இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

‘இஃப்’ வேறொரு இடத்திலும் ஆளை ஏமாற்றும். நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் ஒரு செய்தியைக் காட்டினார். ‘லெட் மீ நோ இஃப் தி லாரி கம்ஸ்’ என்று மேலதிகாரி அனுப்பியிருந்தார். பஞ்சு லாரி வரவில்லை. வந்தால்தானே சொல்லவேண்டும் என்று இவர் பேசாமல் இருந்துவிட்டார். அவரோ வருமா வராதா என்ற பதிலுக்காகக் காத்திருந்தார். இரண்டு பேர் மேலும் குற்றமில்லை. ‘லாரி வந்தா சொல்லுங்க’ என்பதையும் ‘லாரி வருமான்னு சொல்லுங்க’ என்பதையும் தமிழ் தெளிவாகப் பிரித்துவிடுகிறது. ஒன்றில் ‘ஆல்’ விகுதி, மற்றதில் ‘ஆ’வும் ‘என்று’வும். ஆங்கில ‘இஃப்’ இரண்டு வேலையையும் பார்க்கும். குழப்பம் வரக்கூடிய இடத்தில் ‘வெதர்’ போடுங்கள், அது நிபந்தனையாக ஒருபோதும் படிக்கப்படாது என்பதுதான் அவருக்கு நான் சொன்ன வழி.

அறிதல் வினைகளில் நிஜத்தை உறுதி செய்பவை சில, செய்யாதவை சில. பால் கிபார்ஸ்கியும் கரோல் கிபார்ஸ்கியும் 1970இல் எழுதிய ‘ஃபேக்ட்’ என்ற கட்டுரைக்குப் பிறகு மொழியியலில் இது தனித் தலைப்பாகவே வளர்ந்துவிட்டது. எதிர்மறையாக்கிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ‘அணை திறந்தது அவருக்குத் தெரியாது’ என்றாலும் அணை திறந்தது திறந்ததுதான். ‘அணை திறந்ததா அவர் நினைக்கல’ என்றால் திறந்ததா இல்லையா என்று நமக்கு உறுதியில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘தட்’ வருவதால் வேறுபாடு வினைக்குள் ஒளிந்திருக்கிறது. தமிழில் அது வெளியிலேயே தெரிகிறது. ‘திறந்தது தெரியும்’ என்று தொழிற்பெயரை நேராக வைக்கலாம். ‘திறந்தது நினைக்கிறார்’ என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். நினைப்புக்கு ‘என்று’ அல்லது ‘ஆக’ துணைக்கு வந்தாகவேண்டும். ‘திறந்ததை நினைத்துப் பார்த்தார்’ என்று ஐகாரம் சேர்த்தால் உடனே அது நடந்த செய்தியாகிவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. ‘நோ’ எழுதினால் அந்தச் செய்திக்கு நீ பொறுப்பு, ‘திங்க்’ எழுதினால் உன் நினைப்புக்கு மட்டும்தான் நீ பொறுப்பு என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகு பிள்ளைகள் ‘நோ’வை வாரி இறைப்பதில்லை.

நான்காவது வாக்கியமான ‘யானை வந்துச்சாம்’ ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் அதிகம் அடிபடுகிறது. ‘எலிஃபன்ட் கேம், இட் சீம்ஸ்’ என்று கடைசியில் ஒட்டவைப்பது தென்னிந்திய ஆங்கிலத்தின் தனி முத்திரை. ஆனால் வெளிநாட்டார் காதில் ‘இட் சீம்ஸ்’ என்றால் பேசுகிறவரே தடயங்களைப் பார்த்து முடிவுக்கு வந்ததாகத்தான் படும். அதாவது நம் ‘வந்திருக்கும் போல’. ‘ஆம்’ விகுதியோ, இது என் முடிவில்லை, கேள்விப்பட்டது என்று கைகழுவும் விகுதி. அதற்கு ‘ஐ ஹியர் தட்’ அல்லது ‘அப்பாரன்ட்லி’ பக்கத்தில் வரும். ‘போல’வுக்கு ‘மஸ்ட் ஹேவ் கம்’ பொருந்தும். ‘ஆம்’ என்பதையும் ‘போல’ என்பதையும் தமிழில் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. இரண்டுக்கும் ஒரே ‘இட் சீம்ஸ்’ என்று எப்போதோ யாரோ பழக்கிவிட்டதால் வந்த வினை இது.

ஐந்தாவது வாக்கியத்துக்கு நான் ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்குவேன். ‘யானை வந்திருக்குமான்னு சந்தேகம்’, ‘யானை வந்திருக்குமோன்னு சந்தேகம்’. இரண்டுக்கும் இடையே வேறுபடுவது ஒரே உயிர், ஆகாரமும் ஓகாரமும். முதலாவதைச் சொல்பவர் யானை வந்திருக்காது என்ற பக்கம் சாய்கிறார். இரண்டாவதைச் சொல்பவர் வந்திருக்கும் என்று அஞ்சுகிறார். ‘சந்தேகம்’ என்றால் ‘டவுட்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை இரண்டுக்கும் ‘ஐ டவுட்’ என்று எழுதும். ‘ஐ டவுட் தட் தி எலிஃபன்ட் ஹேஸ் கம்’ என்றால் வந்திருக்காது என்று பொருள். ஓகாரம் வந்தால் ‘சஸ்பெக்ட்’ என்ற வேறு வினையே வேண்டும். தோப்புக்காரர் ஆங்கிலத்தில் புகார் எழுதும்போது இது மாறிப்போனால், ‘யானை வந்திருக்குமோன்னு பயமா இருக்கு, வந்து பாருங்க’ என்ற வேண்டுகோள், ‘யானை வந்திருக்காது’ என்ற உறுதிமொழியாகப் போய்ச் சேரும். அவர் எதிர்பார்க்கும் உதவி வராது. ‘டவுட்’டுக்குப் பின்னால் ‘வெதர்’, ‘சஸ்பெக்ட்’டுக்குப் பின்னால் ‘தட்’ என்று இணைத்தே பழகினால் இந்த விபத்து நேராது. ‘ஆ’ கேட்டால் ‘வெதர்’, ‘ஓ’ கேட்டால் ‘சஸ்பெக்ட் தட்’.

இனி உரிச்சொற்கள். தமிழில் ஏகாரம், உம்மை, ‘தான்’ ஆகியவை சொல்லோடு ஒட்டிக்கொண்டே பெரிய வேலை பார்க்கின்றன. ‘எனக்கே தெரியாது’, ‘எனக்கும் தெரியாது’, ‘எனக்குத்தான் தெரியும்’. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல், அதற்கென்று தனி இடம். ‘ஈவன் ஐ டோன்ட் நோ’. ‘ஐ டோன்ட் நோ ஐதர்’. ‘ஒன்லி ஐ நோ’. இதில் நடுவில் உள்ளதை ‘ஐ ஆல்சோ டோன்ட் நோ’ என்றுதான் எழுதுகிறார்கள். உம்மைக்கு ‘ஆல்சோ’ என்று படித்தது சரி, எதிர்மறை வந்தால் அது ‘ஐதர்’ ஆகிக் கடைசிக்குப் போய்விடும் என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இடம் மாறினால் பொருள் மாறுவதற்கு ‘ரியலி’யைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ‘ஐ ரியலி டோன்ட் நோ’ என்றால் ‘சத்தியமா எனக்குத் தெரியாது’. ‘ஐ டோன்ட் ரியலி நோ’ என்றால் ‘அவ்வளவாத் தெரியாது’. முதலாவது கதவை அடைக்கிறது, இரண்டாவது கொஞ்சம் திறந்து வைக்கிறது. ‘ஹார்ட்லி’ இன்னொரு பொறி. ‘ஐ ஹார்ட்லி நோ ஹிம்’ என்பதைக் ‘கஷ்டப்பட்டுத் தெரியும்’ என்று ஒரு பையன் மொழிபெயர்த்தான். ‘ஹார்ட்’ இருக்கும்போது அவன் வேறென்ன செய்வான்? ‘நோ’வுக்கு முன்னால் ‘ஹார்ட்லி’ வந்தால், ‘நாட்’ இல்லாமலே அது எதிர்மறை. ‘அவரை எனக்கு அவ்வளவாப் பழக்கமில்லை’ என்ற அளவுதான்.

காலத்தைக் காட்டும் உரிச்சொற்களில் ‘அப்பவே’ முக்கியமானது. ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று நாம் சொல்லும்போது, ‘தெரியும்’ என்ற வடிவம் இறந்த காலத்தைக் காட்டவில்லை. காலத்தைச் சுமப்பது ‘அப்பவே’. ‘தெரிந்தது’ என்றால் அது வேறு, அப்போதுதான் கண்ணில் பட்டது அல்லது தெரியவந்தது என்று ஆகிவிடும். இந்த நுட்பம் பிள்ளைக்கு அத்துபடி. அதனால்தான் ஆங்கிலத்திலும் ‘ஐ நோ தட் டைம் இட்செல்ஃப்’ என்று வினையை அப்படியே விட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் உரிச்சொல் மட்டும் காலத்தைச் சுமக்காது, வினையும் கூடவே மாறவேண்டும். ‘ஐ நியூ இட் ஈவன் தென்’ என்றோ ‘ஐ நியூ இட் ஆல் அலாங்’ என்றோ ஆகவேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழை ‘ஐ ஆம் நோயிங்’. இதற்குத் தமிழைக் குறை சொல்லமுடியாது. ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று யார் பேசுகிறார்கள்? ‘ஈட்டிங், ரன்னிங், ஸ்லீப்பிங்’ என்று எல்லா வினைக்கும் ‘இங்’ ஒட்டவைத்துப் பழக்கிய பயிற்சியின் விளைவு இது. ‘தமிழில் சொல்லிப் பார்’ என்றதும் பிள்ளையே சிரித்துக்கொண்டு அடித்துவிடும்.

இவற்றையெல்லாம் ஒழுங்காகத் தொகுத்த முன்னோடி ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஆங்கிலேயர். வினையின் பொருளை மட்டும் கொடுத்தால் மாணவர்கள் வாக்கியம் அமைக்கமுடியாது என்று வகுப்பறையில் கண்டவர். 1942இல் டோக்கியோவில் வெளியான அவரது அகராதி, ஒவ்வொரு வினையும் எந்தெந்த அமைப்பில் வரும் என்பதையும் குறித்துக் காட்டியது. அதுவே 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வந்து, இன்று ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி என்று நம் மேசைகளில் இருக்கிறது. 1954இல் அவர் எழுதிய கையேடு வினை அமைப்புகளை 25 ஆக வகுக்கிறது. வினைக்குப் பின் இணைப்புச் சொல்லும் ‘டு’வும் வருவது ஓர் அமைப்பு, இணைப்புச் சொல்லும் முழு வாக்கியமும் வருவது இன்னோர் அமைப்பு. ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இடறும் இடங்களைக் கண்டு எழுதியது என்பதால், ஜப்பானில் பிறந்த அந்த வரைவு தேவதானத்துக்கும் பொருந்துகிறது.

அதை முன்மாதிரியாக வைத்து என் மாணவர்கள் நோட்டில் நான்கு கட்டங்கள் போடுவார்கள். ‘தட்’, ‘வெதர்’, ‘எங்கே எப்போது ஏன்’ வகைச் சொற்கள், ‘ஹவ் டு’. ஒவ்வொரு வினையையும் நான்கு கட்டத்திலும் வைத்துப் பார்க்கவேண்டும். ‘நோ’ நான்கிலும் வரும். ‘ரிமெம்பர்’, ‘ஃபர்கெட்’ ஏறக்குறைய அப்படியே. ‘திங்க்’ வழக்கமாக ‘தட்’ கட்டத்தில் தங்கிவிடும். ‘வொண்டர்’ இன்றைய வழக்கில் ‘தட்’ பக்கம் அதிகம் போவதில்லை, ‘வெதர்’ பக்கம்தான் அதற்கு வீடு. உறுதி உள்ள வினை, கேள்வி உள்ள வினை, இரண்டும் ஏற்கும் வினை என்று கட்டங்கள் தாமே சொல்லிவிடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு தமிழ் வாக்கியமும் இருக்கவேண்டும், அதுவும் வீட்டில் பேசுகிற தமிழில்.

கட்டம் போட்டால் மட்டும் பேச்சு வந்துவிடாது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர், தலச்சேரி முதலிய இடங்களில் பள்ளிகளில் நடத்திய சோதனை, பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் பேசப்படுகிறது. இலக்கணத்தை விதியாகச் சொல்லாமல், பிள்ளைகளுக்கு வேலை கொடுத்து, அந்த வேலைக்காக ஆங்கிலத்தைப் பயன்படுத்த வைப்பது அதன் வழி. அவர் வகுத்த பணிகளில் ஒன்று தகவல் இடைவெளி, ஒருவரிடம் இருக்கும் செய்தி இன்னொருவரிடம் இல்லாமல் இருப்பது. அறிதல் வினைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வயல் இல்லை. ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாமல் இருந்தால்தானே ‘தெரியுமா’ என்ற சொல்லுக்கே வேலை?

எங்கள் வகுப்பில் இரண்டு சீட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் எத்தனை மணிக்குப் புறப்படும் என்பது ஒருத்தியின் சீட்டில் இருக்கும். அன்றைக்குப் பேருந்து எதுவரை போகும் என்பது மற்றவள் சீட்டில். இருவரும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்க்கக்கூடாது. சேர்ந்து தேர் பார்க்கப் போகத் திட்டம் போடவேண்டும். ‘டு யூ நோ வென் இட் ஸ்டார்ட்ஸ்?’ என்று ஒருத்தி கேட்பாள். ‘ஐ நோ வென் இட் ஸ்டார்ட்ஸ், பட் ஐ டோன்ட் நோ வெதர் தி பஸ் கோஸ் தேர்’ என்பாள் மற்றவள். இரண்டு சீட்டிலும் இல்லாத ஒரு செய்தியை நான் வேண்டுமென்றே விட்டுவைப்பேன், தேர் எப்போது நிலைக்கு வந்து சேரும் என்பதை. அங்கே இருவருமே ‘ஐ டோன்ட் நோ ஐதர்’ என்ற இடத்துக்கு வந்து நிற்பார்கள். அதற்கு மேல் ‘ஐ ஹியர் தட்’, ‘ஐ திங்க் தட்’ என்று தங்களுக்குள் பேசி முடிவு செய்வார்கள். வடம் பிடிக்கும் கூட்டத்தைப் பொறுத்துத்தான் தேர் நிலைக்கு வரும், சரியாக யாராலும் சொல்லமுடியாது என்று ஒருத்தி தமிழில் சொன்னால் அதையும் தடுக்கமாட்டேன். ‘நோபடி நோஸ் எக்ஸாக்ட்லி’ என்று அவள் தோழி அதை ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுப்பாள்.

ஆங்கில வகுப்பில் தமிழ் காதில் விழவே கூடாது என்று நினைக்கும் பள்ளிகள் இன்றும் உண்டு. கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எதை எந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லவேண்டும் என்ற கணக்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கு வருவதற்கு முன்பே வீட்டில் கிடைத்துவிட்டது. கேள்விப்பட்டதைப் பார்த்ததாகச் சொன்னால் பாட்டி கண்டிப்பாள். நினைப்பதைத் தெரியும் என்று சொன்னால் தாத்தா ‘நீ பாத்தியா?’ என்று கேட்பார். ‘ஆம்’, ‘ஓ’, ‘ஆ’, ‘போல’, ‘என்று’ எல்லாம் அந்தக் கண்டிப்பில் வளர்ந்தவை. ஆசிரியர் செய்யவேண்டியது, முதலில் பிள்ளையைத் தமிழில் முழு வாக்கியமாகச் சொல்லவைத்து, அதன் கடைசி அசையைக் காதுகொடுத்துக் கேட்பது. எந்த இணைப்புச் சொல், எந்த உரிச்சொல் என்பது அந்த அசையிலேயே இருக்கிறது. தமிழில் எவ்வளவு உறுதியோடு பிள்ளை ஒன்றைச் சொல்கிறதோ, ஆங்கிலத்திலும் அதே அளவு உறுதியோடு சொல்ல வந்துவிட்டால் போதும். ஒரு பிடி கூடவும் வேண்டாம், ஒரு பிடி குறையவும் வேண்டாம்.